பதிவேட்டில் நாலரை அடித் தண்ணீர்

எனக்குத் தண்ணீரில் மிதக்கத் தெரியாது என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கண்டுபிடித்தது தண்ணீரே இல்லாத குளத்தில் வைத்து.

முதலிலிருந்து சொன்னால்தான் நம்புவீர்கள். சொன்னாலும் நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். வாரத்தில் ஆறு நாள் தோளில் மூட்டை. ஏழாம் நாள் அதே தோளால் ஏரியில் துடுப்பு. ஏரிக்கரைப் படகுச் சங்கத்துக்கு ஒருமுறை சாமான் இறக்கப் போனபோது, ஓட்டை விழுந்த இருவர் படகு ஒன்றைக் குப்பையில் போட வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி அடைத்தோம். ஒல்லியான நீளப் படகு; ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும். முன் இருக்கை என் மனைவிக்கு, பின் இருக்கை எனக்கு. முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திசையைப் பார்க்க வேண்டும் என்பது படகு விதி. எங்கள் படகில் இரண்டையும் அவளே பார்த்துக்கொள்வாள். ஒன்பது வருடமாக வருடாந்தரப் பந்தயத்தில் கலந்துகொள்கிறோம். ஒருமுறை மூன்றாவதாக வந்தோம். அன்று நான்கு படகுதான் ஓடியது என்பதை யாரிடமும் சொல்வதில்லை.

இந்த வருடம் லாரியிலிருந்து மூட்டை ஒன்று வழுக்க, நான் அதைப் பிடிக்க, அது தரைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் வலது தோள் வரவில்லை. உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது. தொழிலாளர் மருத்துவமனையில் மூன்று துளை போட்டுத் தைத்தார்கள். ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டுத் தாலாட்டினேன். அப்புறம் சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறினேன். நாலரை மாதம் ஆனதும் அறுவை செய்த டாக்டரம்மா என் கையை மேலே, கீழே, பின்னால் என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா ஒட்டிருச்சு. இனிமே தாராளமா துடுப்பு போடலாம். மொதல்ல மெதுவா போடுங்க."

"அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா படகுச் சங்கத்துல காட்டிருவேன்."

"அது என்னால முடியாதே. தண்ணியில எறங்குறதுக்குத் தகுதிச் சான்று கீழ்த்தளத்துல நீர்ச் சிகிச்சைப் பிரிவுதான் தரணும். பன்னெண்டு தடவ போகணும்."

"தோளை அறுத்தது நீங்கதானேம்மா?"

"அறுக்குறது வரைக்கும்தான் என் அதிகாரம்," என்றார். பாவம், அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் எங்கோ தைத்திருப்பது போலிருந்தது.

பந்தயத்துக்கு நான்கு வாரம் இருந்தது. சான்று முந்தின சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சங்கத்தில் சேராவிட்டால் பின் இருக்கை என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்குப் போய்விடும். அதுவும் ஒரு வருடத்துக்கு. ஒருமுறை பெயர் பதிந்தால் மாற்ற மாட்டார்கள். எனக்கு அறுவை நடந்த வாரமே மச்சான் என் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும், என் மனைவியின் துடுப்பு காற்றைத் துழாவும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒரு மெத்தைகூடத் தைத்து வைத்துவிட்டார்.

"மாப்பிள்ள, ஒடம்ப நல்லாப் பாத்துக்கங்க. அவசரமே இல்ல," என்பார் வாரா வாரம். அத்தனை அன்பை அதற்கு முன்னால் அவரிடம் பார்த்ததில்லை.

நீர்ச் சிகிச்சைப் பிரிவில் முதல் நாள் ஒரு துண்டும் ரப்பர் தொப்பியும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். குளத்தில் இறங்கும் முன் குளிக்க வேண்டும் என்றார்கள். குளித்தேன். சொட்டச் சொட்டக் கதவைத் திறந்து உள்ளே போனால், நீல ஓடு பதித்த பெரிய குளம், பளபளவென்று துடைத்துக் கிடக்கிறது. உள்ளே ஏழெட்டுப் பேர் ரப்பர் தொப்பியோடு மிக மெதுவாக நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டில் உயரமான நாற்காலி. அதில் சிவப்பு அரைக்கால் சட்டையோடு ஒருவர், கழுத்தில் விசில்.

நான் ஏணியில் இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். விசில் கிழிந்தது.

"யோவ்! என்ன அவ்ளோ வேகமா நடக்குற? தண்ணி தடுக்காதா?"

"எந்தத் தண்ணிங்க?"

விசில்காரர் என்னைப் பார்த்த பார்வையில், கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் போல் உணர்ந்தேன். பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த அக்கா என் காதருகே சொன்னார்: "தம்பி, புதுசா? நாலரை அடித் தண்ணி. நெஞ்சு வரைக்கும் இருக்குன்னு நெனச்சுக்க. கைய அகட்டி நட. நான் மூணாவது வருஷம்."

அவர் தையல்காரர். தோள் இறுகிப்போய் இங்கே வந்தவர். தோள் சரியாகியும் வருகிறார். வீட்டில் யாரும் உட்கார விடுவதில்லை, இங்கே மிதக்கவே விடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்.

தண்ணீர் ஏன் இல்லை என்பதை அவர்தான் விளக்கினார். குளம் ஒழுகவில்லை என்ற சான்று இருந்தால்தான் தண்ணீர் நிரப்ப அனுமதி. தண்ணீர் நிரப்பிப் பார்த்தால்தான் ஒழுகவில்லை என்ற சான்று. இப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஆனால் பிரிவு திறந்தாயிற்று, ஆள் போட்டாயிற்று, பதிவேடு அச்சடித்தாயிற்று. பதிவேட்டில் தினமும் இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும்: நீர் ஆழம், நீர் சூடு. ஆழம் நாலரை அடி. சூட்டுக்கு விசில்காரர் காலையில் குளியலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, வெப்பமானியை அதில் முக்கி எழுதுவார். பொய் எழுத மாட்டாராம்.

இப்படியாக நாங்கள் வெளியே நனைந்து உள்ளே போய்க் காய்ந்தோம். ஒருநாள் முட்டி மாற்றிய ஆள் ஒருவர் கையை வீசித் திரும்பியபோது தையல்காரக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்து வீசுங்கண்ணே, மூக்குல ஏறுது," என்றார். விசில்காரர் அந்த அண்ணனை ஐந்து நிமிடம் கரையேற்றி உட்கார வைத்தார். கரையில் உட்கார்ந்த அவருக்குத் துண்டும் கொடுத்தார்கள்.

சேர்ந்த இரண்டாம் வாரம் பிரிவுக்கு ஆண்டு விழா. பொறுப்பு அலுவலர் குளத்தின் விளிம்பில் நின்று பேசினார். அவர் வழுக்காத செருப்பு அணிந்திருந்தார். பாதுகாப்பில் அவர் சமரசம் செய்துகொள்வதில்லை.

"ஏரியில மூழ்குறாங்க. கிணத்துல மூழ்குறாங்க. குளிக்கிற அண்டாவுல மூழ்கினவன்கூட இருக்கான். பதினோரு வருஷத்துல நம்ம குளத்துல ஒருத்தர் மூழ்கினதுண்டா? ஒரு சளி, ஒரு காதுவலி? தண்ணிய மாத்த வேண்டிய அவசியமே வரல, அவ்ளோ சுத்தம்! நீர் சிக்கனத்துக்கு ஆறு வருஷமா நமக்குத்தான் கேடயம். பக்கத்து மருத்துவமனைக்காரங்க கேக்குறாங்க, எப்படி சார் உங்களால மட்டும் முடியுதுன்னு. நான் சொன்னேன், நாங்க தண்ணியில கவனம் வைக்கிறதில்ல. நிர்வாகத்துல வைக்கிறோம்."

கை தட்டினோம். தண்ணீருக்குள் நின்றதால் மெதுவாகத் தட்டினோம்.

பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை பதினோராவது அமர்வு. அன்று மிதப்புத் தேர்வு. அலுவலரே தாளும் பேனாவுமாக வந்தார்.

"மிதங்க."

மிதப்பதென்றால் எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே முறையில் மல்லாக்கப் படுத்தேன். ஓடு ஜில்லென்று இருந்தது. அலுவலர் குனிந்து பார்த்தார், விசில்காரரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எங்கய்யா படுத்திருக்க?"

"தரையில சார்."

"தரைன்னா குளத்தோட அடி. தண்ணி நாலரை அடி மேல நிக்கிது. நீ அடியில கெடக்குற." தாளில் எழுதினார். "மிதக்கவில்லை. மூழ்கினார்."

"சார், அப்ப எல்லாரும் எப்படி மிதக்குறாங்க?"

"அவங்க நிக்கிறாங்க. தலை மேல இருக்கு. நீயா போயிப் படுத்தா அரசாங்கம் என்ன பண்ணும்? மூணு மாசம் கழிச்சு மறுதேர்வு."

வீட்டுக்குப் போனால் மச்சான் அங்கே உட்கார்ந்திருந்தார், மடியில் மெத்தையோடு. தாளைக் கொடுத்தேன். என் மனைவி படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.

"ஏங்க, ஒம்பது வருஷமா ஏரியில என்கூட வந்தது யாரு?"

"நான்தான்."

"மூழ்கிட்டீங்கன்னு போட்டுருக்கு."

"விடு தங்கச்சி," என்றார் மச்சான் உருக்கமாக. "நம்ம அதிர்ஷ்டம், ஆளு உசுரோட திரும்பிட்டாரு. எடத்த நான் பாத்துக்கிறேன்."

"நீ சும்மா இருண்ணே. நீ பின்னால உக்காந்தா நான் படகுல போறனா, மரத்துல ஏறுறனான்னே தெரியல."

அவர் போனதும் அவள் என் வலது தோளில் தழும்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது வருடமாக அவள் முதுகைப் பார்த்து வந்தவன் நான். அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று முதுகே சொல்லிவிடும். இன்னும் ஒரு வருடம் நான் கரையில் நின்று கையசைக்க வேண்டும்.

அப்போதுதான் இருபத்தேழாம் விதி நினைவுக்கு வந்தது.

குளியலறை வாசலில் முப்பத்தோரு விதி எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. யாரும் படிப்பதில்லை. வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் முதல் வரியைப் பார்த்துவிட்டு "சரி" என்று போய்விடுவார்கள். நான் நாற்பது வயதுக்கு மேல், மகளின் பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டக் கற்றவன். எனக்கு எழுத்தைத் தாண்டிப் போகத் தெரியாது. ஒவ்வொரு அமர்விலும் குளிக்க வரிசையில் நிற்கும்போது மூன்று விதி வீதம் முடித்திருந்தேன். இருபத்தேழு இப்படிச் சொன்னது: 'குளத்தில் மூழ்கும் ஒருவரை மீட்டுக் கரைசேர்க்கும் பயனாளி, பிற தேர்வுகள் ஏதுமின்றி முழுத் தகுதி பெற்றவராகக் கருதப்பட்டு அன்றே சான்று பெறுவார்.'

மனைவியிடம் சொன்னேன்.  அவள் சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப யாராச்சும் மூழ்கணும்!"

சனிக்கிழமை காலை. பன்னிரண்டாவது அமர்வு. குளிக்கும் வரிசையில் தையல்காரக்கா பக்கத்தில் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கைமாற்றுக் கேட்பது போலத் தலையைச் சொறிந்தேன்.

"அக்கா, எனக்காகக் கொஞ்சம் மூழ்குவீங்களா?"

அக்கா விவரம் கேட்டார். சொன்னேன். அவர் கண் விரிந்துகொண்டே போனது.

"எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு முடியுங்களா?"

"முடியும். மத்தியானம் ஒரு ரவிக்கை குடுக்கணும், அதுக்குள்ள காப்பாத்திரு."

பத்தரைக்கு, நான் கரையில் நிற்க, அக்கா ஆழப் பக்கம் நடந்தார். விசில் அடித்தது. அக்கா இன்னும் இரண்டடி வைத்தார். அப்புறம் இரண்டு கையையும் மேலே தூக்கி, குளமே அதிர ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், நானே ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.

"ஐயோ! காலு எட்டலையே! யாராவது வாங்களேன்!"

சொல்லிவிட்டுச் சரிந்து ஓட்டில் படுத்துக் கையைக் காலை உதைத்தார். விசில்காரர் எழுந்து நின்றார். விசில் வாயில் இருந்தது, காற்றுதான் வரவில்லை. பதினோரு வருடத்தில் அவருக்கு வந்த முதல் வேலை.

"எறங்குங்கண்ணே!" என்று கத்தினேன்.

"எனக்கு நீச்சல் தெரியாதுய்யா!"

மிதவை வளையத்தை எடுத்து வீசினார். அது ஓட்டில் டமார் என்று விழுந்து உருண்டு முட்டி மாற்றிய அண்ணனிடம் போனது. அவர் அதைக் கட்டிக்கொண்டு, "என்னையும் இழுக்குது!" என்றார். அவரிடம் நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

நான் ஏணி வழியாகத்தான் இறங்கினேன். குதிப்பது ஆறாம் விதிப்படி தவறு. வலது கையைக் காதோடு ஒட்டி மேலே தூக்கி, வளைத்து, இழுத்து, இடது கையைத் தூக்கி, இப்படிக் குளத்தின் நீளம் முழுக்க நீந்தி, அதாவது நடந்து போனேன். தோள் ஒரு முணுமுணுப்புக் காட்டவில்லை. அக்காவின் துண்டைப் பிடித்து இழுத்தேன். ஓடு வழுவழுவென்று இருந்ததால் வண்டி மாதிரி வந்தார்.

"பாத்து இழு தம்பி, தோளு," என்றார் மூழ்கிக்கொண்டிருந்தவர், வாய் அசையாமல்.

சத்தம் கேட்டு அலுவலர் ஓடி வந்தார். ஓட வேண்டாம் என்பது பதினாறாம் விதி.

"என்ன நடக்குது இங்க? எந்திரிங்கம்மா!"

அக்கா கண்ணை மூடியபடியே இருமினார். நீளமாக, தொண்டை கிழிய, தண்ணீர் குடித்தவர் மட்டுமே இருமக்கூடிய இருமல். எல்லாரும் கை தட்டினார்கள். இந்த முறை வேகமாகவே தட்டினார்கள்.

அலுவலர் அறையில் நானும் அக்காவும் விசில்காரரும் நின்றோம். அக்கா மேல் மூன்று துண்டு போர்த்தியிருந்தார்கள்.

"இருபத்தேழாம் விதி சார்," என்றேன்.

"அப்படி ஒரு விதியா?"

விசில்காரர் போய்ப் பலகையையே கழற்றிக்கொண்டு வந்தார். அலுவலர் படித்தார். அவர் அப்போதுதான் முதல்முறை படிக்கிறார் என்று உதடு காட்டிக்கொடுத்தது.

"அந்தம்மா மூழ்கல. நடிக்கிறாங்க."

"அப்படியே எழுதிக் குடுங்க சார்," என்றேன். "மூழ்கலன்னு."

"எழுதத்தான் போறேன்." பேனாவைத் திறந்தார். "இன்று காலை பத்தரை மணிக்கு, மேற்படி பெண்மணி மூழ்கவில்லை. ஏனென்றால்…"

பேனா அங்கே நின்றது.  கேடயங்கள் ஆறும் அலமாரியிலிருந்து அவரைப் பார்த்தன.

"இன்னிக்கு ஆழம் என்ன போட்டுருக்க?" என்று விசில்காரரிடம் கேட்டார், குரல் இறங்கி.

"நாலரை அடி சார். எப்பவும் போல."

"சூடு?"

"முப்பத்து மூணு சார்."

அலுவலர் என் வியாழக்கிழமைத் தாளைத் தேடி எடுத்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "இதப் பாரு! ரெண்டு நாளைக்கு முன்னால நீயே மூழ்கியிருக்க. மூழ்குறவன் எப்படிய்யா இன்னொருத்தர காப்பாத்துவ?"

"கீழ இருந்து தூக்கி விட்டேன் சார்."

அக்காவுக்கு மறுபடி இருமல் வந்தது. இந்த முறை துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார்.

அலுவலர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு சான்றுப் புத்தகத்தை இழுத்தார். எழுதும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"பதினோரு வருஷம். ஒரு சம்பவம் இல்லாம வச்சிருந்தேன். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வேன்? தண்ணி வச்சிருந்தாக்கூட இப்படி ஆயிருக்காதேய்யா!" முத்திரை குத்தினார். "அம்மா, நீங்க இனிமே ஆழப் பக்கம் போகக் கூடாது. அடுத்த வாரம் கயிறு கட்டச் சொல்றேன். இன்னும் ரெண்டு உயிர்காப்பாளருக்கும் எழுதிப் போடுறேன்."

"அவங்களுக்காவது நீச்சல் தெரிஞ்சா நல்லது சார்," என்றார் அக்கா.

"அதுக்குத் தனி நிதி வேணும்."

நான்கே முக்காலுக்குப் படகுச் சங்கத்து எழுத்தர் மேசையில் சான்றை வைத்தேன். அவர் பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்தார். மச்சான் வாசலில் நின்றிருந்தார். பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் மெத்தையை என்னிடம் நீட்டினார்.

"வச்சுக்கங்க மாப்பிள்ள. உங்களுக்கு அங்க சதை கம்மி."

ஞாயிற்றுக்கிழமை ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நான் பின் இருக்கையில், மெத்தையின் மேல். முன்னால் அவள் முதுகு. கரையில் மச்சானும், ரவிக்கையை முந்தின நாளே கொடுத்துவிட்ட தையல்காரக்காவும். கொடி இறங்கியது. துடுப்பை முக்கி முதல் இழுப்பு இழுத்தேன். ஐந்தரை மாதத்துக்குப் பிறகு எதிரே ஒன்று கனமாக நின்று என் கையைத் தள்ளியது.

அவள் திரும்பாமலே கேட்டாள். "வலிக்குதா?"

"இல்ல. தண்ணி தடுக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் துடுப்புத் தவறி, அள்ளிய தண்ணீர் முழுவதும் என் தலையில் கொட்டியது. எனக்கும் சிரிப்பு. வேகம் போயிற்று, திசையும் போயிற்று. எங்களைத் தாண்டிப் போன ஆறு படகுக்காரர்களும் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தார்கள். ஏழாவதாக வந்தோம். ஏழு படகு ஓடியது என்பதை எல்லாரிடமும் சொல்கிறேன்.

கரையேறியதும் சட்டைப்பையில் கைவிட்டேன். சான்று கூழாகியிருந்தது. முத்திரை மை வழிந்து பையெல்லாம் நீலம். அந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, அங்கிருந்து வந்த ஏதாவது ஒன்று தண்ணீரில் நனைந்தது அதுதான் முதல் தடவை.